தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது

1

வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அடிமைகளாக வைத்திருக்கப்பட்டவர்களின் சந்ததிக்கு இழப்பீடு கொடுக்க வேண்டுமா என்று விவாதிப்பதற்காகக் கூடிய கூட்டம் ஒன்றுக்கு, நான் பழுதாய்ப்போன கிரைண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.

குற்றத்தில் பாதி பிரெஞ்சு மொழியினுடையது. 'ரெப்பராசியோன்' என்ற சொல்லை மொன்றியலுக்கு வந்த முதல் மாதமே சப்பாத்துக் கடைப் பலகை ஒன்றில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். திருத்து வேலை என்று அர்த்தம். மணிக்கூடு, தொலைக்காட்சி, தையல் மெஷின், எதைத் திருத்துகிற கடையானாலும் பலகையில் இந்தச் சொல்தான். எனக்கு முழு நம்பிக்கையோடு தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் கடைப் பலகைகளிலிருந்து வந்தவை. இலக்கணம் மட்டும் அரசாங்க வகுப்பில் கற்றது. அந்த இலக்கணத்தால் பின்னால் எனக்கு நேர்ந்ததையும் சொல்வேன்.

எங்கள் வீடு நகரத்தின் பார்க் எக்ஸ் பகுதியில். மூலையில் ஒரு தெப்பனர் இருக்கிறது, அதாவது பாலும் பாணும் லொத்தர்ச் சீட்டும் விற்கிற சின்னக் கடை. அதன் கண்ணாடிக் கதவில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் ரெப்பராசியோன். கீழே சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம், எல்லோரும் வரலாம், இலவசம், கோப்பி உண்டு. இன்னும் கீழே சின்ன எழுத்தில் நாலைந்து வரி இருந்தது. இலவசம் என்ற சொல்லுக்குக் கீழே உள்ளதை வாசிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

கிரைண்டர், மனைவியின் தங்கை சென்னையிலிருந்து கொண்டுவந்தது. இந்த நாட்டு மின்சாரம் அதற்குப் போதாது என்று ஒரு டிரான்ஸ்ஃபோமரும் கூடவே வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு ஆட்டுக்குட்டிப் பாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தபோது அது ஒரு பெருமூச்சு விட்டது, பிறகு புகை விட்டது, பிறகு ஒன்றும் விடவில்லை.

"செல்வத்திட்டைக் கொண்டுபோய்க் குடுங்கோவன்," என்றாள் என் மனைவி பவளம். "வில்லரேயிலதான் கடை. எல்லாச் சனமும் அங்கதான் குடுக்குது. எங்கட ஊர்ப் பெடியன் வேற."

பெடியனுக்கு நாற்பத்தேழு வயது. "பார்ப்பம்," என்றேன். மூன்று கிழமை 'பார்ப்பம்' சொன்னேன். பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் என் மொழி பேசுகிற, என் ஊரிலேயே பிறந்த ஒருவர் கிரைண்டர் திருத்திக்கொண்டிருக்க, நான் ஏன் பிரெஞ்சுத் துண்டை நம்பிப் புறப்பட்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கிரைண்டரைக் கொண்டு ஆரம்பித்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

2

கிரைண்டரை அரிசிப் பையில் போட்டு, டிரான்ஸ்ஃபோமரை மறுகையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துப் படி இறங்கினேன். மடக்கு நாற்காலிகளில் நாற்பது பேரளவில் இருந்தார்கள். அநேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ஒருவர் கையிலும் பழுதான சாமான் எதுவும் இல்லை. அப்போதாவது திரும்பியிருக்கலாம்.

வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் மதாம் ஒனோரின். ஹெய்ட்டியில் பிறந்தவர். இங்கே குழந்தைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை. ஓர் அறைக் குழந்தைகளை ஒரே பார்வையில் உட்காரவைக்கிறவர்களின் பார்வை அவருக்கு இருந்தது. அங்கே நடந்த பேச்சு முழுக்கப் பிரெஞ்சு. நான் சொல்லும்போது எல்லோரும் யாழ்ப்பாணத்தார் போலத்தான் கதைப்பார்கள். எனக்கு வேறு தமிழ் வராது.

"முசியே, பைக்குள்ள என்ன?"

"என்ர கிரைண்டர். பழுதாப்போச்சு."

அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மண்டபக் கதவிலும் ஒட்டியிருந்த அதே துண்டைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

"பழுதாகி எவ்வளவு காலம்?"

"மூண்டு கிழமை."

"நாங்கள் இஞ்ச திருத்தப் பாக்கிற சாமான் பழுதாகிக் கனகாலம்," என்றார். "உள்ளுக்கு வாங்கோ. கோப்பி இருக்கு."

பையை வாங்கி முன் மேசையில், கோப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நாற்பது பேர் முன்னால் போய் அதை எடுத்துக்கொண்டு வெளியேறும் துணிவு எனக்கு இல்லை. ஆகவே இருந்தேன். என் வாழ்க்கையின் உருப்படியான காரியங்கள் பலவும் எழுந்து போக வெட்கப்பட்டதால் நடந்தவைதான்.

ஹெய்ட்டி விடுதலை பெற்று இருநூறாவது ஆண்டு அது. மதாம் ஒனோரின் அதிலிருந்து தொடங்கினார். அடிமைகளாக இருந்தவர்கள் தாங்களே சண்டை பிடித்து விடுதலை எடுத்தார்கள். பிறகு, எங்கள் சொத்துப் போய்விட்டது என்று பிரான்ஸ் நட்டஈடு கேட்டது. சொத்து என்றால் அந்த மனிதர்களும்தான். ஹெய்ட்டி தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டியது. "எங்களை வித்த விலையை எங்களிட்டையே வாங்கினவங்கள்," என்றார். "அதைத் திருப்பித் தா எண்டு கேட்டால் இப்ப எங்களுக்கு மரியாதை தெரியாதாம்."

ஒரு மாணவன் எழுந்தான். பிரித்தானியர் அடிமை முறையை ஒழித்தபோதும் காசு கொடுத்தார்கள், எசமான்களுக்கு. வேலை செய்தவனுக்கு ஒரு சதமும் இல்லை என்றான். "அப்ப காசு ஒரு பிரச்சினையாத் தெரியேல்லை. இப்ப நாங்கள் கேக்கேக்க மட்டும், கணக்குப் பாக்கிறது கஷ்டமாம்."

முன்வரிசையில் ஒரு கிழவர். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து இந்த நகரத்திலேயே இருக்கிற குடும்பம். பாட்டனாருக்கு ரயிலில் பெட்டி தூக்குகிற வேலை. "தம்பி, எனக்குக் காசு வேண்டாம். இந்த ஊரிலேயே ஆக்களை விக்கிறதெண்டு பேப்பரில விளம்பரம் போட்டவங்கள். என்ர பள்ளிக்கூடப் புத்தகத்தில அது இல்லை. என்ர பேரப்பிள்ளையின்ர புத்தகத்திலயும் சரியா இல்லை. அதை எழுதட்டும், எனக்குக் காணும்."

"எழுதுறது மலிவு அப்பு," என்றான் மாணவன். "அதுதான் கடைசியில எழுதித் தந்துபோட்டுப் போவாங்கள்."

"மலிவெண்டால் ஏன் இவ்வளவு காலமும் எழுதேல்லை?"

பின்வரிசைப் பெண் ஒருவர் கையை உயர்த்தினார். "நான் கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. ஆர் கட்டுறது? ரெண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு இஞ்ச வந்த கிரேக்கனோ? டாக்ஸி ஓடுற பாகிஸ்தான்காரனோ? கிரைண்டரோட வந்த இந்த மனுசனோ?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மதாம் ஒனோரின் மட்டும் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறவர் கேட்கிறமாதிரிக் கேட்டார்.

"முசியே, உங்கட நாட்டிலயும் இப்பிடி அடிமை வைச்சிருந்த வழக்கம் இருந்ததோ?"

"நோன்," என்றேன். இல்லை.

இத்தனை வருடத்தில் நான் உச்சரிப்புப் பிழையில்லாமல் சொன்ன முதல் பிரெஞ்சுச் சொல் அது.

3

"திருத்தினவங்களோ?" என்றாள் பவளம், பையை வாங்கும்போதே பாரத்தை வைத்துப் பதிலை அறிந்துகொண்டு.

நடந்ததைச் சொன்னேன். மகள் கீர்த்தனா சோபாவில் விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பதினேழு வயது. சிரிப்பு, கோபம், தொலைபேசி எல்லாம் பிரெஞ்சில், பசி மட்டும் இன்னும் தமிழில்.

"அப்பா, அது சப்பாத்து ரெப்பராசியோன் இல்லை. அது வந்து... எப்பிடிச் சொல்லுறது... செய்த பிழையைத் திருத்திறது."

"அதுக்குத் தமிழ் நட்டஈடு," என்றேன்.

"இல்லை. அது காசு. மற்றது."

மற்றதற்குத் தமிழ் தேடினேன். பரிகாரம் என்றேன். "பரிகாரம் எண்டால் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறது," என்றாள் பவளம். பிராயச்சித்தம் என்றேன். இருவரும் ஒரே மாதிரிப் பார்த்தார்கள். நான் சேர்த்துவைத்த சொற்களெல்லாம் செய்தவனுக்கு நிம்மதி கொடுக்கிற சொற்கள். பட்டவனுக்கு என்ன போகிறது என்று அவற்றில் ஒன்றும் கேட்பதாகத் தெரியவில்லை. கீர்த்தனாவின் அரைகுறைத் தமிழில் வந்த 'திருத்திறது'தான் அதற்குக் கிட்டப் போனது.

பிறகு அவள் கேட்டாள். "நாங்கள் எந்தப் பக்கம்? வைச்சிருந்த ஆக்களா, இருந்த ஆக்களா?"

"நாங்கள் அகதிகள் பிள்ளை."

"அது தெரியும். அதுக்கு முதல்?"

பவளம் அவசரமாகக் குசினிக்குள் போனாள். அங்கே அரைக்கிறதற்கு ஒன்றும் இல்லை, அரைக்கக் கிரைண்டரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

4

அதற்கு முதல் நான் ஊரில் சரித்திர வாத்தியார். அத்திலாந்திக் அடிமை வியாபாரத்தைப் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கண் கலங்கும்படி படிப்பிப்பேன். ஒல்லாந்தர் எங்கள் யாழ்ப்பாண வழமைகளைச் சட்டமாக எழுதிவைத்தபோது அதில் அடிமைகளுக்கு என்று ஒரு பகுதி இருந்ததையும் வாசித்திருக்கிறேன். பிறகு ஆங்கிலேயர் வந்து, அடிமைத் தாய்க்குப் பிறக்கிற பெண்குழந்தைகளை எங்கள் ஆட்களிடம் விலை கொடுத்து வாங்கி விடுவித்ததையும் வாசித்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் என்றால் வெள்ளாளர். நாங்களும் அந்தக் காசைக் கைநீட்டி வாங்கியிருக்கிறோம். அந்தப் பக்கத்தை நான் வகுப்பில் படிப்பித்ததில்லை. சோதனைக்கு வராது என்று சொல்லிவிடுவேன்.

அடிமைச் சட்டம் போனபிறகும் கிணறு, கோயில், தேநீர்க் கடை என்று மற்றத் தடைகள் எல்லாம் இருந்தன. எங்கள் ஊரில் வாசிகசாலையும் இருந்தது. நான் படிப்பு முடித்து, வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த காலத்தில் அதன் செயலாளர். இருபத்திரண்டு வயது. மூன்று பேப்பர், இரண்டு வாங்கு, ஒரு அலுமாரி. அலுமாரியில் பழைய சோதனை வினாத்தாள்கள் வருடவாரியாகக் கட்டி அடுக்கியிருந்தன. அவற்றுக்காகவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள்.

செல்வத்துக்கு அப்போது பதினேழு. அந்த நாளில் நான் அவரை 'அவர்' என்று சொல்லியிருக்க மாட்டேன். இந்தக் குறிப்பில் பதினேழு வயதிலும் அவர் 'அவர்'தான். அவருடைய சாதிப் பெயரை எழுதப்போவதில்லை. அதை நாங்கள் தேவைக்கு மேலேயே சொல்லி முடித்துவிட்டோம். அவருடைய தகப்பன் எங்கள் வளவுக்கு வேலி அடைக்க வருவார், முற்றத்தோடு நிற்பார். செல்வம் வாசிகசாலை யன்னலுக்கு வெளியே நிற்பார். உள்ளே யாராவது பேப்பரை உரத்து வாசித்தால் கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் அவர் விண்ணப்பம் எழுதினார். அங்கத்துவம் கேட்டு, முறைப்படி, ஒற்றை ரூல் தாளில். நிர்வாகத்துக்கு நடுக்கம் பிடித்தது. மறுத்தால் ஊர் இரண்டுபடும், ஏற்றாலும் இரண்டுபடும். கோயில் வாசல்களில் சண்டை நடந்து முடிந்து அதிக காலம் ஆகவில்லை. நிர்வாகத்தில் படித்தவன் நான். வழி கண்டுபிடித்தவனும் நான்தான். ஒரு கடிதம் எழுதினேன். என் கையெழுத்து வடிவானது என்று பெயர்.

'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.'

யாரும் யாரையும் மறுக்கவில்லை. யாருக்கும் கோபம் இல்லை. நிர்வாகம் என்னைப் பாராட்டியது. கதவுக்கு மேலே 'அங்கத்தவர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகையும் எழுதிக் கொடுத்தேன். செல்வம் சில காலம் யன்னலோடு நின்றார். பிறகு அங்கேயும் காணவில்லை. பட்டணத்தில் ரேடியோ திருத்துகிற கடை ஒன்றில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதானே என்று சொன்னதாகவும் ஞாபகம்.

கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு நான் காத்திருந்த காலத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதங்கள் வரும். 'உங்கள் கோப்பு ஆராயப்பட்டு வருகிறது.' முதல் கடிதத்தை மரியாதையாக எடுத்துக்கொண்டேன். மூன்றாவது கடிதத்தில் எனக்கு அந்த வசனத்தின் நடை பிடிபட்டது. எங்கேயோ வாசித்த நடை. எங்கே என்று மூளை தேடப் போனபோது நான் வேண்டாம் என்று மறித்துவிட்டேன்.

இப்போது எனக்கு டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. ஊருக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் வாசித்துப் போட்ட புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றித் திரும்ப அடுக்குகிற வேலை என்பதை எழுதவில்லை. வாசலில் யாரும் யாரையும் நீ அங்கத்தவனா என்று கேட்பதில்லை. குளிருக்கு ஒதுங்குகிறவர்கள்கூட வந்து உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார்கள். நான் பத்து வருடமாக அவர்களைக் கடந்து வண்டி தள்ளுகிறேன்.

5

அடுத்த சனிக்கிழமை கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வில்லரேக்குப் போனேன். செல்வத்தின் கடைக்கு மேலேயும் கொட்டை எழுத்தில் ரெப்பராசியோன் என்றுதான் இருந்தது. கடைப் பலகை பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

எனக்கு ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பஸ்ஸில் போகும்போதே அதைப் பற்றித்தான் யோசித்தேன். ஊரில் நான் அவரை 'நீ' என்பேன். இப்போது 'நீ' என்றால் அதே பழைய ஆள். 'நீங்கள்' என்றால் ஏன் இந்தத் திடீர் மரியாதை என்று இருவருக்கும் விளங்கும். ஆகவே இரண்டுமில்லாமல் பேச ஒத்திகை பார்த்திருந்தேன்.

"கிரைண்டர் ஒண்டு பழுதாப்போச்சு. பாக்க ஏலுமோ?"

"வாங்கோ மாஸ்டர். பவளமக்கா சொன்னவ, கொண்டுவருவியள் எண்டு. அது போன மாதம்."

அவர் கிரைண்டரைக் கவிழ்த்து ஆணிகளைக் கழற்றினார். மோட்டரை முகர்ந்து பார்த்தார். தலைமயிரில் பாதி நரை. மேசைக்குப் பின்னால் சுவரில் அவருடைய மூத்த மகளின் பட்டமளிப்புப் படம். வீடு கர்க்லாண்ட் புறநகரில் என்று பவளம் சொல்லியிருக்கிறாள், இரண்டு கார் நிற்கிற வீடு. எனக்குப் பின்னால் தூசி உறிஞ்சும் மெஷினோடு ஒரு கிரேக்க மூதாட்டி வந்து நின்றார்.

"எப்ப எடுக்கலாம்?" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். எங்கள் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு, கடிதம் வாசிக்கிறமாதிரி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

கிரேக்க மூதாட்டி எங்கள் மொழியின் ஓசையைக் கேட்டு அன்பாகச் சிரித்தார்.

"அந்தக் கடிதம்..." என்றேன்.

"இடம்பெயரேக்க துலைஞ்சுபோச்சு. ஆனால் உங்கட எழுத்து வடிவு மாஸ்டர். 'உள்ளது' எண்டதில வாற ளகரத்துக்கு ஒரு சுழி போட்டிருந்தனீங்கள். நானும் கொஞ்சக் காலம் அப்பிடித்தான் எழுதிப் பாத்தனான்."

"அது பிழை," என்றேன். "பெரிய பிழை. மன்னிக்கவேணும்."

"ஆர், ஆரை?"

தமிழ் இலக்கணம் அதுவரை எனக்குக் கொடுத்திருந்த மறைவிடம் அத்தோடு முடிந்தது.

"நீங்கள், என்னை," என்றேன்.

அவர் முதலில் மூதாட்டியின் மெஷினை வாங்கி, புதன்கிழமை வரச் சொல்லி, துண்டு எழுதிக் கொடுத்து, கதவு வரை போய் அனுப்பிவிட்டு வந்தார்.

"உந்த மன்னிப்புக் கதையை எனக்குச் சொன்னால் உங்களுக்குச் சுகமா இருக்கும். இரவைக்கு நித்திரை வரும். எனக்கு உதால என்ன மாஸ்டர்? அந்த வினாத்தாளைப் பாத்திருந்தால் நான் பாஸ் பண்ணியிருப்பன் எண்டு சொல்லேல்லை. ஃபெயில் விடுவனோ எண்டு பாக்கக்கூட நீங்கள் விடேல்லை."

"இப்ப நான் என்ன செய்ய?"

"உங்கட ஊர்ச்சங்கத் தலைவர் வந்தவர். சமாதான காலமாம், ஊரில சண்டையில உடைஞ்ச வாசிகசாலையைத் திருப்பிக் கட்டப்போகினமாம், காசு தாவாம். நான் இன்னும் குடுக்கேல்லை. ஆருக்குக் கட்டுறியள் எண்டு தெரிஞ்சால்தான் குடுப்பன். புதுக் கட்டடத்தில அங்கத்துவம் எண்டு ஒண்டு இருக்கக்கூடாது. ஆரும் வரலாம், ஆரும் வாசிக்கலாம். எழுத்தில வேணும். உங்கட எழுத்தில. முந்தி என்ன நடந்தது எண்டதையும் மலரில எழுதுங்கோ. எனக்குச் சொன்னதை அவைக்கும் சொல்லுங்கோ."

மலரை எழுதுகிறவன் நான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாசிகசாலையின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்காக மொன்றியல் ஊர்ச்சங்கம் வெளியிடுகிற மலர். முன்னாள் செயலாளர் என்ற முறையில் வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு. 'எமது கிராமத்தின் அறிவுக்கண்ணைத் திறந்த நிறுவனம்' என்று முதல் வசனம் ஏற்கனவே எழுதி வைத்திருந்தேன்.

"எழுதுறன்," என்றேன்.

"பாப்பம்," என்றார் செல்வம். மூன்று கிழமை நான் பவளத்துக்குச் சொன்ன அதே சொல், அதே தொனி.

6

முதலில் கடினம் குறைந்த இடத்துக்குப் போனேன். மதாம் ஒனோரினின் கூட்டம் மாதத்துக்கு ஒன்று. அடுத்ததற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போனேன். என்னைக் கண்டதும் நாலைந்து பேர் கிரைண்டரின் சுகம் விசாரித்தார்கள்.

எழுந்து நின்று, போன முறை பொய் சொல்லிவிட்டேன் என்றேன். 'நாங்கள் அடிமைகளை வைத்திருந்தோம்' என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் வைத்திருந்தோம் 'நூ ஸாவியோன்', வைத்திருக்கிறோம் 'நூ ஸாவோன்'. ஒரு சின்ன இகரந்தான் வித்தியாசம். பதற்றத்தில் அதை விழுங்கிவிட்டேன்.

நாங்கள் அடிமைகளை வைத்திருக்கிறோம் என்று நாற்பது பேருக்கு அறிவித்தேன்.

மதாம் ஒனோரின் குழந்தைகளிடம் பேசுகிற குரலில் கேட்டார். "முசியே, வைச்சிருந்தம் எண்டுறியளோ, வைச்சிருக்கிறம் எண்டுறியளோ?"

இறந்தகாலம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முந்திய கிழமைதான் தெரிந்த குடும்பம் ஒன்றின் கலியாணப் பேச்சு எங்கள் வீட்டுத் தொலைபேசியில் நடந்தது. மாப்பிள்ளைக்கு எல்லாம் சரி, 'ஆர் ஆக்கள்', அதாவது என்ன சாதி, என்று மட்டும் விசாரிக்க வேண்டும் என்றார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றவன் நான்.

"எனக்கு இலக்கணம் அவ்வளவு நிச்சயமில்லை," என்றேன்.

முன்வரிசைக் கிழவர்தான் முதலில் சிரித்தார். "இருங்கோ, இருங்கோ. அந்தப் பக்கத்தில இருந்து கதைக்க எங்களுக்கு ஒரு ஆளும் கிடைக்கிறதில்லை. இண்டைக்குத்தான் ஒராள் தானா வந்திருக்கு." மாணவன் சிரிக்கவில்லை. "சொல்லிப்போட்டார். இனி என்ன செய்யப்போறார் எண்டு கேளுங்கோ," என்றான். கேட்டார்கள். மலரைப் பற்றிச் சொன்னேன். மதாம் ஒனோரின் அதைத் தன் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதமும் என்னிடம் கேட்பதற்காக என்று விளங்கியது. வெளியே வரும்போது பயமாகவும் இருந்தது, பின்வாங்க வழியில்லாமல் போனதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

ஊர்ச்சங்கக் கூட்டம் தலைவர் வீட்டு நிலவறையில் நடந்தது. ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் வந்தபிறகு என் பத்தியை வாசித்தேன். விண்ணப்பம், கடிதம், பலகை, அதை எழுதியவன் பெயர், எல்லாம் இருந்தது.

"மாஸ்டர்," என்றார் தலைவர், நல்ல மனிதர், என் அகதி வழக்குக்கு மொழிபெயர்க்க வந்தவர். "இப்ப ஏன் உதுகளைக் கிண்டுறியள்? நடந்த சண்டையோட உதெல்லாம் போயிட்டுது. இஞ்ச வந்து ஆர் சாதி பாக்கினம்?"

"பாக்காட்டில் எழுதுறதில என்ன கஷ்டம்?"

"ஊரில வாசிக்கிற சனத்துக்கு மனம் நோகும்."

"எந்தச் சனத்துக்குத் தலைவர்? யன்னலுக்கு உள்ளுக்கு இருந்த சனத்துக்கோ, வெளியில நிண்ட சனத்துக்கோ?"

ஒருவர் ரோல்ஸ் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் ஆட்கள் வாயை அடைக்கிற நாகரிகமான முறை அது. எடுத்துச் சாப்பிட்டேன், விழுங்கினேன், மறுபடி வாசித்தேன். மூன்றாவது முறை வாசித்தபோது தலைவர் கையை உயர்த்தினார்.

"சரி மாஸ்டர். கொமிட்டியில வைச்சுப் பரிசீலிப்பம்."

நான் சிரித்த சிரிப்பில் பிளேன்ரீ மூக்குக்குள் போய்விட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் என் பத்தியில் அந்தச் சொல்லை வாசித்திருந்தேன்.

நான் எழும்பவில்லை. ஒன்பது மணிக்குக் கூட்டம் முடிய வேண்டும், பத்து மணியாகியும் எழும்பவில்லை. புதுக் கட்டடத்துக்கு அங்கத்துவம் கிடையாது, யாரும் வரலாம் என்ற விதி எழுத்தில் நிறைவேறாமல் என் வரலாறு, என் பெயர், ஒன்றும் மலரில் வராது என்றேன். விதியை எதிர்த்து வாய் திறந்து காரணம் சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை. சொல்ல வேண்டிய காரணம் அப்படி. விதி நிறைவேறியது. அங்கேயே, தலைவர் வீட்டு மேசையில், என் கையால் எழுதினேன். ளகரத்துக்குச் சுழி போடவில்லை.

பத்தி நிறைவேறவில்லை. மலர் வந்துவிட்டது. வழுவழுப்பான தாள், குத்துவிளக்கு, அறிவுக்கண். என் பெயர் இல்லை.

7

ஆகவே அந்தப் பத்தியை இங்கே எழுதுகிறேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நாலாம் பகுதியை மலரின் விடுபட்ட பக்கமாக எடுத்துக்கொள்ளலாம். வெட்டி உள்ளே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இது இழப்பீடா என்று மகள் கேட்டாள். இல்லை, இது விளம்பரம். ஆட்களை விற்பதாக அந்தக் காலத்தில் போட்ட விளம்பரத்துக்கு எதிர் விளம்பரம் என்றேன். மாணவன் சொன்னமாதிரி எழுதுவது மலிவுதான். கிழவர் சொன்னமாதிரி அதற்கே இவ்வளவு காலம் பிடித்தது. வாசிகசாலைக்கு வினாத்தாள்கள் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். கலியாணப் பேச்சு விசாரித்தவர்களுக்கு, எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் இப்போது எங்களைப் பற்றி விசாரிக்கிறார்களாம்.

பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் இதைச் செல்வத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பெயர் வருகிறது, அவர் சம்மதம் வேண்டும். கிரைண்டர் திருத்தித் தயாராக மேசையில் இருந்தது. அவர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். கிரேக்க மூதாட்டி வருகிற இடத்தில் கொஞ்சம் சிரித்தார். சரி, அனுப்புங்கோ என்றார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து ஒரு திருத்தம் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் நான் மேலே எழுதியதை மாற்றவில்லை. எனக்கு எவ்வளவு ஞாபகம் இருந்தது என்பதும் அப்படியே பதிவில் இருக்கட்டும்.

"விண்ணப்பம் ஒண்டில்லை மாஸ்டர், மூண்டு," என்றார். "மற்ற ரெண்டுக்கும் நீங்கள் பதிலே போடேல்லை."